அடுப்புச் சுவருக்கு எதைப் பதிப்பது?

குசினி கட்டி முடியும் தறுவாயில்தான் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலான வீடுகளில் எழுகிறது. அதற்குள் கையிருப்பு கூரையோடும் கதவு யன்னலோடும் கரைந்திருக்கும். ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி தன் குசினியைப் படம் பிடித்து அனுப்பியிருப்பாள். சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கடைக்காரர் பிளாஸ்டிக் பலகையொன்றை விரலால் சுண்டிக் காட்டி, "இதைவிட மலிவாய் எங்கேயும் எடுக்க ஏலாது" என்பார். மேசன் தனக்குக் கைவந்ததைச் சொல்வார். கடைசியில், எது முதலில் லொறியில் ஏறுகிறதோ அது சுவரில் ஏறிவிடும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் இந்தத் தெரிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உங்கள் அடுப்பில் எரிவது விறகா, காஸா? உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? கள்ளப்பாட்டிலோ அளம்பிலிலோ கரையோடு இருக்கிற வீட்டுக்குப் பொருந்தாத ஒன்று மாங்குளத்திலும் மல்லாவியிலும் இருபது வருடம் நிற்கும். நிறமும் பூவேலையும் இவற்றுக்குப் பிறகுதான்.

விறகா, காஸா?

எங்கள் பக்கத்து வீடுகளில் மிகப் பெரும்பாலானவை 2009க்குப் பிந்தியவை. மீளக்குடியேறியபோது தறப்பாளும் தகரமும். பிறகு வீட்டுத்திட்டங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 முதல் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். அந்த வரைபடத்தில் குசினியும் இருந்தது. ஆனால் பல வீடுகளில் அந்த அறை நெல் மூட்டையும் சைக்கிளும் வைக்கிற இடமாகி, சமையல் பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் நடந்தது. புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் விறகுப் புகையை விட யாருக்கு மனம் வரும்? காஸ் அடுப்பு பரவிய பிறகுதான் உள்குசினி உண்மையில் குசினியானது. பிறகு 2022 வந்தது. வரிசையில் நின்றும் சிலிண்டர் கிடைக்காத அந்த மாதங்களில், கொட்டிலை இடிக்காமல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

ஆகவே இன்று புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் என் ஆலோசனை இதுதான்: இரண்டு அடுப்பும் இருக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே சுவரோடு சாத்த வேண்டாம்.

விறகடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் பதிக்கவும் வேண்டாம். பாலை விறகு பிடித்து எரியும்போது சுவாலை நேரே சுவரில் படுகிறது. சூட்டில் டைல்ஸ் விரிகிற அளவு வேறு, அதற்குப் பின்னால் இருக்கிற சீமெந்து விரிகிற அளவு வேறு. பூச்சுக்குள் ஈரம் கொஞ்சம் நின்றாலும் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். முதலில் மினுக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். பிறகொரு நாள் ஒரு துண்டு கழன்று கறிச்சட்டிக்குள் விழும். வெறும் சீமெந்துப் பூச்சுக்கூட நாள்பட்ட நெருப்பில் பொரிந்து உதிரத்தான் செய்யும். இந்த இடத்தில் ஆச்சிமார் செய்ததே சரி: சுட்ட செங்கல், அதன்மேல் புற்றுமண்ணோ களிமண்ணோ குழைத்த பூச்சு. வெடித்தால் ஒரு பிடி மண்ணைக் குழைத்து மெழுகிவிடலாம். சுவாலை எட்டாத உயரத்துக்கு மேலே சுண்ணாம்பு அடியுங்கள். கரி பிடிக்கும், பிடிக்கட்டும். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதையும் அடித்தால் போயிற்று. அடுப்புக்கு மேலே ஒழுங்கான புகைக்கூடு இருந்தால் அந்தக் கரியிலும் பெரும்பகுதி வெளியே போய்விடும். புகைக்கூட்டுக்கான காசை டைல்ஸில் போட்டு, சுவரைக் காப்பாற்றி நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு.

இனி வருவதெல்லாம் காஸ் அடுப்புச் சுவரைப் பற்றியது.

கடைக்குப் போகுமுன் சுவரைப் பாருங்கள்

கரையோர வீடுகளில் உப்பு மூன்று வழியால் சுவருக்குள் வருகிறது. பூசிய மணலில் ஒன்று, குழைத்த தண்ணீரில் ஒன்று, கட்டி முடிந்த பிறகு வாடைக்காற்றில் ஒன்று. கடற்கரை மணலை அள்ளிப் பூசிய சுவரை மாரி முடியப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிரும். அந்தச் சுவரில் எவ்வளவு விலையான டைல்ஸைப் பதித்தாலும் அது ஒட்டிக்கொண்டிருப்பது மாவில்தான். இரண்டு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு ஒன்றாகக் கழன்று வரும்போது பழி டைல்ஸ் மீதும் மேசன் மீதும் விழும். குற்றவாளி மணல்.

உதிர்கிற பூச்சை முழுக்கக் கொத்தி எறிந்துவிட்டு, உப்பில்லாத ஆற்றுமணலில் புதிதாகப் பூசுங்கள். நந்திக்கடலோரம் கிணறு உவர்க்கிற வளவு என்றால், இந்தப் பூச்சுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பவுசரில் எடுப்பது நட்டமில்லை. பூசிய முதல் ஒரு கிழமை நாளும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வெயிலில் பூச்சு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும். அதன்பிறகு மூன்று நான்கு கிழமை சும்மா விட வேண்டும். சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் இந்த வேலையே வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கழிந்து தொடங்கினால், மழைக்கு முன் முடிக்க நாலு மாதம் இருக்கும்.

பிளக் பொயின்ற் எங்கே வரப்போகிறது என்பதையும் பூசுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கிறைண்டருக்கு ஒன்று, சோற்றுப்பானைக்கு ஒன்று. இரண்டும் அடுப்புக்கு நேர் பின்னாலும் வரக்கூடாது, தண்ணீர்ப் பைப்புக்கு நேர் மேலேயும் வரக்கூடாது. பதித்த டைல்ஸை வெட்டிப் பிளக் வைப்பது பார்க்கவும் நன்றாயிராது, பாதுகாப்பும் இல்லை.

டைல்ஸ்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது சாதாரணச் சுவர் டைல்ஸ்தான். அது ஏற்கெனவே 1,000 பாகைக்கு மேல் சூளையில் வெந்து வந்த பொருள். காஸ் அடுப்பின் சூடு அதற்கு ஒரு பொருட்டில்லை. மினுக்கப்பட்ட முகத்துக்குள் எண்ணெயும் போகாது, மஞ்சளும் போகாது, கடலுப்பும் போகாது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். நாட்டிலேயே செய்கிறார்கள் என்பதும் சின்ன விடயமில்லை. லங்கா வால்டைல்ஸ் 1970களிலிருந்து இருக்கிறது. லங்கா டைல்ஸும் ரோசெல்லும் அதற்குப் பிறகு வந்தவை. 2020 இல் டொலரைக் காப்பாற்ற அரசாங்கம் டைல்ஸ் இறக்குமதியை நிறுத்தியபோது, வெளிநாட்டு டைல்ஸ் பதித்தவர்களுக்கு உடைந்த ஒன்றுக்கு இணை தேடுவதே பெரும்பாடாகிவிட்டது.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று செராமிக், மற்றது போர்சலின். போர்சலின் விலை கூட, உறுதியும் கூட, ஆனால் அந்த உறுதி நடக்கிற தரைக்குத்தான் வேண்டும். சுவரில் யாரும் நடப்பதில்லை. எது எதுவென்று சந்தேகம் வந்தால் டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செராமிக் என்றால் அந்தச் சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, ஈரத்தடம் மட்டும் நிற்கும். போர்சலின் என்றால் சொட்டு சொட்டாகவே நிற்கும். இது விளையாட்டுப் பரீட்சை அல்ல. பதிக்கும் முறையை இதுதான் தீர்மானிக்கிறது. தண்ணீர் குடிக்கிற செராமிக் சீமெந்துப் பாலையும் குடித்துப் பிடித்துக்கொள்ளும். குடிக்காத போர்சலினை வெறும் சீமெந்தில் பதித்தால் அதற்குப் பிடிப்பே இல்லை. பைக்கற்றில் வருகிற டைல்ஸ் பசைதான் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சுவருக்குப் போர்சலின் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மேற்பரப்பு மினுங்குகிறதாக, வழுவழுப்பாக இருக்கட்டும். இப்போது கல்லைக் கொத்தி அடுக்கியதுபோலப் புடைப்பு வேலை செய்த டைல்ஸ் வருகிறது. விறாந்தைச் சுவருக்கு அது அழகு. அடுப்புக்குப் பின்னால் வைத்தால் அதன் ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெய் படிந்து, அதில் தூசு படிந்து, கடைசியில் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு நீங்கள்தான் நிற்பீர்கள். சின்னச் சின்னச் சதுரங்களாக வலையில் ஒட்டி வருகிற மொசைக்குக்கும் இதே குறைதான். அதில் பள்ளத்துக்குப் பதில் இடுக்குகள்.

இடுக்குத்தான் எல்லா டைல்ஸ் சுவர்களின் பலவீனமும். டைல்ஸ் கறை ஏற்காது. இடுக்கை நிரப்புகிற கிறவுட் ஏற்கும். சூடை மீனை மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டித் தேங்காயெண்ணெயில் போட்டால் தாச்சியைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் குறையாமல் தெறிக்கும். டைல்ஸில் பட்டதைத் துணியால் துடைத்துவிடலாம். வெள்ளைக் கிறவுட்டில் பட்ட மஞ்சள் அங்கேயே நிற்கும். வெயில் படுகிற சுவரென்றால் மஞ்சள் நாளடைவில் வெளிறும். ஆனால் அடுப்புச் சுவரில் எங்கே வெயில்? ஆகவே இரண்டு முடிவு: இடுக்குகளைக் குறையுங்கள், கிறவுட்டைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால், அடுப்புக்குப் பின்னால் வருகிற மூன்றடிக்கு மட்டும் எபொக்சி கிறவுட் போடச் சொல்லுங்கள். அது மஞ்சளைக் குடிக்காது. ஆனால் மேசனுக்குப் பழக்கமில்லாவிட்டால் அதைக் கையில் கொடுக்க வேண்டாம். டைல்ஸ் முகத்தில் அது இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

இடுக்கைக் குறைக்க நல்ல வழி, அளவைச் சரியாகத் தெரிவது. குசினி மேடைக்கும் மேல் கபேட்டுக்கும் இடையில் பொதுவாக இரண்டடி விடுவார்கள். 12க்கு 24 அங்குல டைல்ஸை நிமிர்த்திப் பதித்தால் அந்த இரண்டடியும் ஒரே டைல்ஸில் அடங்கிவிடும்; படுக்கை இடுக்கே வராது. பத்தடி நீள மேடைக்குப் பத்து டைல்ஸ். அடுப்புக்கு நேரே மேல் கபேட் வைக்காமல், மூன்றடி அகலத்துக்கு இன்னும் மூன்றடி உயர்த்துங்கள்: முழு டைல்ஸ் மூன்று, அதற்கு மேலே அரை டைல்ஸ் மூன்று. அதாவது ஐந்து எடுக்க வேண்டும். மொத்தம் 15. வெட்டும்போது உடைய ஒன்று, பின்னாளில் உடைய ஒன்று என்று 17 வாங்குங்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், "எதுக்கும் ரெண்டு பெட்டி கூட எடுங்கோ" என்ற பேச்சுக்கு இடமிராது. பெட்டிகளில் அச்சிட்டிருக்கிற நிற இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பெயர், ஒரே படம், ஆனால் வேறு சூளை என்றால் நிறம் ஒரு பொட்டு வித்தியாசப்படும். கடைக்குள் தெரியாது, சுவரில் தெரியும்.

மேசன் பதிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பலருடைய கைப்பழக்கம், டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை சீமெந்து வைத்து அப்படியே சுவரில் அமத்துவது.

"அக்கா, அஞ்சு இடத்தில வைச்சால் காணும். விழாது."

"விழாட்டிலும் உள்ளே கூடு நிக்கும் தம்பி. முழுக்கப் பூசிப் போட்டு ஒட்டுங்கோ. சீமெந்து முடிஞ்சால் இன்னொரு பை எடுக்கலாம்."

அந்த அக்கா சொன்னதுதான் சரி. உருண்டைகளுக்கு இடையில் இருக்கிற வெற்றிடத்தில் முதலில் எறும்பு, பிறகு கரப்பான் குடியேறும். தாச்சி தவறிச் சுவரில் இடித்தால், பின்னால் ஆதாரமில்லாத அந்த இடத்தில்தான் டைல்ஸ் உடையும். செராமிக்கைச் சீமெந்தில் பதிப்பதென்றால் முன்னதாகத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். இல்லாவிட்டால் சீமெந்தில் இருக்கிற தண்ணீரை அது இழுத்து, சீமெந்து இறுகுமுன் காய்ந்துவிடும். பசையில் பதிப்பதென்றால் ஊறப் போடக்கூடாது. ஒரு நாள் கழித்துத்தான் கிறவுட். மேடையும் டைல்ஸும் சந்திக்கிற மூலையில் கிறவுட் வேண்டாம், சிலிக்கன் பூசுங்கள். மேடை ஒரு பக்கம் அசையும், சுவர் ஒரு பக்கம் அசையும். அந்த மூலையில் கிறவுட் எப்படியும் வெடித்து, துடைக்கிற தண்ணீர் கபேட்டுக்குள் இறங்கும்.

சீமெந்து மினுக்கம்

டைல்ஸுக்குக் காசு மிஞ்சாதவர்கள் பிளாஸ்டிக்குக்குப் போக வேண்டியதில்லை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே தனிச் சீமெந்தைக் கரைத்து மேலே இழுத்து, இரும்புக் கரண்டியால் திரும்பத் திரும்பத் தேய்த்து மினுக்கிய சுவர் முந்தி எல்லா ஊரிலும் இருந்தது. சிவப்புத் தூள் கலந்தால் சிவப்பு, கறுப்புத் தூள் கலந்தால் கறுப்பு. இடுக்கே இல்லாத சுவர் என்பது அதன் பெரிய நன்மை. குறை என்னவென்றால், புளியும் தேசிக்காயும் பட்ட இடம் வெளிறும், எண்ணெய் பட்ட இடம் கறுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நிறமில்லாத சீலர் ஒரு பூச்சு அடித்தால் இரண்டும் குறையும். கைதேர்ந்த பழைய மேசன் ஒருவர் ஊரில் இருந்தால், முள்ளியவளைப் பக்கமோ குமுழமுனைப் பக்கமோ விசாரித்துப் பார்த்து, அவரைப் பிடியுங்கள். இளம் மேசன்மாரில் இந்தக் கை உள்ளவர்கள் குறைவு. எனக்குக் கேட்டால், நல்ல கை மினுக்கிய கறுப்புச் சீமெந்துச் சுவர் மட்டமான டைல்ஸைவிட அழகு.

எனாமல் பெயின்ட் அடித்த சுவரும் சில வருடம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈரம் காயாத புதுப்பூச்சில் அடித்தால் சீமெந்தின் காரம் பெயின்டைச் சோப்பாக்கி, தோல் தோலாக உரிக்கும்.

கண்ணாடி

தங்கச்சி அனுப்பிய படத்துக்கு வருவோம். அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அல்ல. 600 பாகைக்கு மேல் சூடாக்கிச் சடுதியாகக் காற்றால் குளிர்த்திப் பதப்படுத்தியது. சாதாரணக் கண்ணாடியில் ஒரு பக்கம் சூடாகி மற்றப் பக்கம் குளிராக நின்றால், 40 பாகை அளவு வித்தியாசத்திலேயே வெடிக்கலாம். பதப்படுத்தியது 200 பாகை அளவு வித்தியாசத்தையும் தாங்கும். ஊரில் படச்சட்டத்துக்கும் யன்னலுக்கும் வெட்டித் தருகிற கண்ணாடியை அடுப்புக்குப் பின்னால் ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. பதப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது, துளையிட முடியாது. கை வைத்தால் முழுதும் நொறுங்கும். பிளக்குக்கான துளை உட்பட எல்லாவற்றையும் முதலில் வெட்டி, பிறகுதான் பதப்படுத்துவார்கள். ஆகவே, "இது டெம்பர்ட்தான், வீட்டுக்கு வந்து அளவுக்கு வெட்டித் தாறன்" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வசனமே போதும், திரும்பி வந்துவிடுங்கள். 2021 இன் கடைசி மாதங்களில் காஸ் அடுப்பு வெடித்த செய்திகள் நாடெங்கும் வந்தபோது பல வீடுகளில் நொறுங்கியது அடுப்பின் கண்ணாடி மேல்தட்டு. கண்ணாடி எவ்வளவு உறுதியானாலும் உடைகிற நாளில் முழுதாகவே உடையும். ஒரு துண்டை மட்டும் மாற்ற முடியாது. முல்லைத்தீவில் இருந்து அளவெடுத்து அனுப்பி, செய்து, ஏ9 வீதியால் உடையாமல் கொண்டுவந்து, அரை அங்குலம் பிழைத்தால் திரும்ப அனுப்புகிற பாட்டை எண்ணினால், இந்த ஊருக்கு இது இன்னும் வரவில்லை என்றே சொல்வேன்.

எவர்சில்வர் தகடு

சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் தகடுதான் சிறந்தது. நெருப்புக்கு அஞ்சாது, இடுக்கில்லை, ஒரு தேய்ப்பில் எண்ணெய் போய்விடும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மை. ஆனால் கடலோரத்தில் எந்தத் தகடு என்பதே கேள்வி. 430 என்ற வகையில் நிக்கல் இல்லை, காந்தம் பிடிக்கும், விலை குறைவு, கரையில் துருவேறும். 304 இல் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு; காந்தம் பிடிக்காது. ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் அது போதும். கடற்காற்றுப் படுகிற இடத்தில் 304 இலும் தேநீர்க் கறைபோலப் பழுப்புப் படரும். வெளியில் நிற்கிற தகட்டை மழையாவது கழுவும். குசினிக்குள் வந்து படிகிற உப்பை நீங்கள்தான் கழுவ வேண்டும். மொலிப்டினம் சேர்ந்த 316 தான் கரைக்கு ஏற்றது, அதன் விலை டைல்ஸை மிஞ்சிவிடும். எந்த வகையானாலும் கம்பி நாரால் தேய்க்காதீர்கள்: நாரின் இரும்புத் துணுக்குகள் தகட்டில் ஒட்டித் தாமே துருப்பிடிக்கும். குளோரின் கலந்த கழுவுநீரும் அதற்கு எதிரி.

கிரனைட்டை மேடைக்குப் போட்டவர்கள் மிஞ்சிய துண்டை நாலங்குல உயரத்துக்குச் சுவரோடு நிறுத்தினால் நல்லது. அதற்குமேல் வேண்டாம், முக்கால் அங்குலக் கல் சதுர அடிக்கு ஐந்து கிலோ வரும், சுவர் தாங்க வேண்டும். வெள்ளை மாபிள் கல்லை அடுப்புப் பக்கம் எடுக்கவே வேண்டாம், புளி அதை அரிக்கும்.

பிளாஸ்டிக்கும் அலுமினியப் பலகையும்

பிவிசி பலகை, சுவர் ஸ்டிக்கர், அலுமினியக் கூட்டுப் பலகை ஆகிய மூன்றும் இப்போது ஊரெல்லாம் மலிந்திருக்கின்றன. ஒரு பின்னேரத்தில் ஒட்டிவிடலாம், மாபிள் மாதிரியே தெரியும், காசும் குறைவு. கபேட் கதவுக்கும் கூரைத் தட்டுக்கும் எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். அடுப்புக்குப் பின்னால் மட்டும் வேண்டாம்.

பிவிசி ஏறத்தாழ 80 பாகையில் இளகத் தொடங்கும். பெரிய தாச்சியில் பொரியல் நடக்கும்போது அடுப்புச் சுவர் அதை எட்டுவது கடினமில்லை. எரிந்தால் வருகிற புகை நச்சு. ஸ்டிக்கர் முதலில் ஓரங்களில் சுருளும், சுருண்ட ஓரம் சுவாலைப் பக்கம் நீளும். அலுமினியப் பலகையைத்தான் ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள், உலோகம்தானே என்று. அதன் வெட்டுமுகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: இரண்டு பக்கமும் தாள் கனத்தில் அலுமினியம், நடுவில் கறுப்பாகவோ சாம்பலாகவோ பொலித்தீன். லண்டனில் கிரென்ஃபெல் மாடிக்கட்டடம் 2017 ஜூன் 14 ஆம் திகதி எரிந்து 72 பேர் இறந்தபோது நெருப்பை மேலே மேலே கொண்டுபோனது வெளிச்சுவரில் ஒட்டியிருந்த இந்த வகைப் பலகை. தீ தொடங்கியது ஒரு வீட்டின் குசினியில்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் முழுச் சுவரையும் கழற்றத் தேவையில்லை. அடுப்பின் அகலத்துக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடிக்கும், மேலே கூரைத் தட்டு வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைல்ஸ் பதியுங்கள். அதுவரை அடுப்பையாவது சுவரிலிருந்து ஆறங்குலம் தள்ளி வையுங்கள்.

துடைப்பது

எந்தச் சுவரானாலும் சமையல் முடிந்து, சூடு ஆறுவதற்குள் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. எண்ணெய் காய்ந்து பிசினான பிறகு அரை மணித்தியாலம் எடுக்கிற வேலை அப்போது அரை நிமிடத்தில் முடியும். பிசின் பிடித்துவிட்டால் சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்துப் பூசி ஊற விடுங்கள். மலசலகூடம் கழுவுகிற அசிட்டை அடுப்புச் சுவருக்குக் கொண்டுவர வேண்டாம். டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, கிறவுட்டை அது தின்றுவிடும். கரையோர வீடுகளில் மாசத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் சுவர் முழுவதையும் கழுவித் துடைத்தால் உப்புப் படியாது.

மேசனுக்குக் கடைசிக் காசு கொடுக்குமுன் ஒரு நாணயத்தையோ சாவியையோ எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். நிறைவான சத்தம் வந்தால் சரி. குடத்தில் தட்டியதுபோல வெற்றுச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸில் பென்சிலால் அடையாளம் போட்டு, கழற்றித் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். மிஞ்சின டைல்ஸையும் பெட்டியின் இலக்கத் துண்டையும் கபேட்டின் அடித்தட்டில் எடுத்து வையுங்கள்.